மாமாவின் எயார் றைபிளில் ஸ்கோப் பூட்டிய நாலு ஞாயிறு

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் மாமாவின் வளவில் ஓர் எயார் றைபிள், காற்றழுத்தத்தால் சுடும் துவக்கு, கிடக்கிறது. குழாயை மடித்து ஸ்பிரிங்கை இழுத்துக் கொளுவும் பழைய வகை, 4.5 மில்லிமீற்றர் ரவை. அனுமதிப்பத்திரம் மாமாவின் பெயரில். ஆகவே துவக்கு அந்த வளவை விட்டு வெளியே வராது. நான்தான் ஞாயிறு விடிய மண்முனைப் பாலம் தாண்டிப் போய்வருவேன். ஸ்கோப் (துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தூரக்கண்ணாடி), எலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி), அடிமட்டம் எல்லாம் பழைய சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள்.

ஸ்கோப் ஆசை வந்தது வயசால்தான். துவக்கோடு வந்த இரும்புக் குறியில் பின் வெட்டு, முன் முனை, எதிரே கடதாசி என்று மூன்றையும் ஒரே நேரம் தெளிவாகப் பார்க்க வேண்டும். நாற்பது தாண்டிய கண் ஒன்றைத்தான் பிடிக்கும், மற்ற இரண்டும் பஞ்சாகிவிடும். மாமாவுக்கு வேறு கணக்கு, இளநீரைக் கடித்துப் போடும் குரங்குக் கூட்டம். நான் கடதாசிக்கு மட்டும்தான் என்று முதலே சொல்லிவிட்டேன். "கடதாசி வந்து தேங்காய் புடுங்குதோ மருமகன்?" என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

ஒரு ஸ்கோப் ஏற்கெனவே செத்திருந்தது. கொழும்பில் மலிவாகக் கிடைத்தது, ஒன்பது மடங்கு வரை பெருக்கும். வெடிமருந்து றைபிளுக்கென்று செய்தது என்பதை நான் கவனிக்கவில்லை. அறுபது வெடிக்குள் உள்ளே குறுக்குக்கோடு சரிந்து பெருக்கல் குறி மாதிரி நின்றது. ஸ்பிரிங் துவக்கு இரண்டு தரம் உதைக்கும். ஸ்பிரிங் தள்ள உள்ளே பிஸ்டன் முன்னுக்குப் பாயும்போது துவக்கு பின்னுக்கு வரும். பிஸ்டன் அந்தத்தில் போய் முட்டியதும் துவக்கு முன்னுக்குக் குத்தும். வெடிமருந்துத் துவக்கில் பின்னுதை மட்டும்தான், அதற்குச் செய்த ஸ்கோப்புக்கு இந்த முன்குத்து பழக்கமில்லை. இன்னொரு குறையும் இருந்தது. 100 யார் (91 மீற்றர்) தூரத்துக்குக் கூர்மை பிடித்த கண்ணாடி அது. 20 மீற்றரில் கடதாசியை வைத்து, துவக்கை மண்மூட்டையில் அசையாமல் வைத்துத் தலையை மட்டும் சற்று ஆட்டிப் பார்த்தேன். குறுக்குக்கோடு வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போய்த் திரும்பி வந்தது. துவக்கு அசையவே இல்லை. எயார் றைபிளுக்கென்றே விற்கும் நாலு மடங்கு ஸ்கோப் ஒன்றை வாங்கிய பிறகு அந்த ஆட்டம் நின்றது.

முதல் ஞாயிறு பாதி நேரம் பூட்டுவதிலேயே போனது. துவக்கின் முதுகில் 11 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு காடி வெட்டியிருக்கும், வளையங்களின் கால் அதைக் கவ்வும். முதலில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு திறக்க வேண்டும். சுற்றிக் கறுப்பு நிழல் விழாமல் படம் முழுசாகத் தெரிகிற இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தினேன். அடுத்தது நிமிர்வு. மாமாவின் வலைப் பெட்டியிலிருந்து ஓர் ஈயத்தைத் தங்கூசி நைலோன் நூலில் கட்டி மாமரக் கொப்பில் தொங்கவிட்டேன். மேசன்மாரின் தூக்குக்குண்டு வேலைதான். துவக்கை மட்டம் பார்த்து வைத்து, நிலைக்குத்துக் கோடு தங்கூசியோடு ஒட்டும்வரை ஸ்கோப்பை வளையத்துக்குள் மயிரிழை மயிரிழையாய்ச் சுழற்றினேன். ஆணிகளை ஒரு பக்கம் முழுக்க முறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கம் கிறுகும். ஒவ்வொன்றாய், மாறி மாறி, கால் சுற்றுத்தான். எலன் கீயின் கட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து முறுக்கினால் போதும், நீளப் பக்கத்தைப் பிடித்தால் ஸ்கோப்பின் உடம்பு நசியும்.

சுடத் தொடங்க முன், குறியை ஏற்றி இறக்கும் ஸ்கோப்பின் குமிழை ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தம் வரை கிளிக் கிளிக்கென்று திருப்பி எண்ணினேன். 236 கிளிக். பாதி 118 இல் நிறுத்தினேன்.

மணல் நிரப்பிய யூரியாப் பைகளை மூன்று அடுக்காகக் கட்டி, அதன் முன் 10 மீற்றரில் கடதாசி. பின்னால் அறுவடை முடிந்த வயல். மாடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் வெடி. ரவை எட்டு சென்ரிமீற்றர் கீழே விழுந்தது. ஒரு கிளிக் கால் அங்குலம் என்று பெட்டியில் போட்டிருந்தான். கால் அங்குலம் ஆறு மில்லிமீற்றர் சொச்சம், பதின்மூன்று கிளிக் காணும் என்று திருப்பினேன். ரவை ஒரு சென்ரிமீற்றர்கூட ஏறவில்லை. ஸ்கோப் பழுது என்று பேசிக்கொண்டே பெட்டியைத் திரும்ப எடுத்தால், பொடி எழுத்தில் "100 யாரில்" என்று இருக்கிறது. அப்படியென்றால் 10 மீற்றரில் ஒரு கிளிக்குக்கு 0.7 மில்லிமீற்றர், 20 மீற்றரில் 1.4. எட்டு சென்ரிமீற்றருக்கு நூறு கிளிக்குக்கு மேல் வேண்டும். திருப்பினேன். நடுவுக்கு வந்தது. ஆனால் குமிழ் கிட்டத்தட்ட அந்தத்தில் நின்றது.

இரண்டாம் ஞாயிறு கடதாசியை 20 மீற்றருக்குத் தள்ளினேன். நூறு கிளிக் ஏற்றத்தில் நடுவைப் பிடித்தது, பிறகு ஐந்து வெடிக்கு ஒரு தரம் இடம் மாறியது. இடது, மேலே, பிறகு எங்கெங்கோ. ஏழு சென்ரிமீற்றர் பரவல். இரும்புக் குறியில் இதைவிட நன்றாகச் சுட்டிருக்கிறேன்.

அன்று தங்கச்சியின் சிவப்பு நெயில் பொலிஷ் உதவியது. பின் வளையத்தின் கால் துவக்கின் முதுகோடு சேரும் இடத்தில், இரண்டிலும் படும்படி மெல்லிய கோடு ஒன்று இழுத்துக் காயவிட்டேன். நாற்பது வெடி கழித்துக் குனிந்து பார்த்தால் கோடு வெடித்து இரண்டாகிவிட்டது. நடுவே ஒன்றரை மில்லிமீற்றர் பளபளவென்று வெறும் இரும்பு. வளையம் என் பக்கம் நகர்ந்திருந்தது! துவக்கு முன்னுக்குக் குத்தும்போதெல்லாம் ஸ்கோப் தன் பாரத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், கால் மெல்ல மெல்லப் பின்னுக்கு ஊரும். என் கைவேலையும் இதில் சேர்ந்திருந்தது. பூட்டும் முன் காடியை மண்ணெண்ணெயால் துடைத்திருந்தேன். மண்ணெண்ணெய் அழுக்கை எடுத்துவிட்டு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். வழுக்குவதற்கு நானே எண்ணெய் பூசிக் கொடுத்த மாதிரி.

மூன்றாம் ஞாயிறு எல்லாவற்றையும் கழற்றினேன். காடியையும் கால்களையும் தின்னரால் துடைத்தேன், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை. பழைய இரட்டை வளையத்தை விட்டுவிட்டு ஒரே துண்டான பிடி ஒன்று வாங்கியிருந்தேன். அதன் அடியில் ஒரு சின்ன முளை உண்டு. துவக்கின் முதுகில் பின்பக்கம் ஓர் ஓட்டை இருப்பதை இவ்வளவு நாளும் அழுக்கடைந்த அலங்காரம் என்று நினைத்திருந்தேன், முளை போய் அதற்குள் குந்தியது. இனிப் பின்னுக்கு ஊர வழியில்லை.

மற்றது குமிழ் அந்தத்தில் நிற்கும் பிரச்சினை. மடிக்கும் துவக்குகளில் குழாய் பூட்டுமிடத்தில் கொஞ்சம் தலை குனிந்திருப்பது வழமை. அந்தக் குனிவை ஸ்கோப்பின் குமிழ் சமாளிக்கப் போனால் உள்ளே குறுக்குக்கோட்டைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், வெடிக்கு வெடி கோடு மிதக்கும். மருந்து எளிது. பின் வளையத்துக்குள், ஸ்கோப்பின் அடியில், மெல்லிய தகடு ஒன்று. ஸ்கோப்பின் பின்பக்கம் உயர, அது கீழே பார்க்கும், அதைச் சரிக்கட்டக் குழாயை உயர்த்துவோம், ரவை மேலே போகும்.

தகட்டுக்கு எங்கே போவது? மாமி அலுமாரிக்குள்ளிருந்து கலியாணப் பட நெகட்டிவ் உறையைக் கொண்டுவந்து நீட்டினா. ஆள் விழாத கறுத்த அந்தத் துண்டை மட்டும் வெட்டினேன். "தாலி கட்டின படத்தை வெட்டிப்போடாத, மறுகா உன்ர மாமன் கட்டவேயில்லை எண்டுவார்," என்று மாமி நின்று பார்த்தா. பட ஃபிலிமின் தடிப்பு 0.14 மில்லிமீற்றர் அளவு. என் வளையங்களுக்கிடையே 10 சென்ரிமீற்றர். கணக்குப்படி 20 மீற்றரில் ஒரு துண்டுக்கு 28 மில்லிமீற்றர் ஏற வேண்டும். இரண்டு துண்டு வைத்தேன். நூறு கிளிக்கில் நின்ற குமிழ் அறுபதுக்கு இறங்கி வந்தது. நம்பவில்லை, மூன்று தரம் எண்ணினேன். நாற்பது கிளிக், 56 மில்லிமீற்றர். அன்றைய நாளில் அவ்வளவு சந்தோசம் வேறொன்றிலும் இல்லை. இரண்டு துண்டுக்கு மேல் வைக்க மனமில்லை, வளையம் ஸ்கோப்பைக் கோணலாய்க் கடிக்கும்.

பரவல் ஏழிலிருந்து நாலுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

மிச்சம் என் பிடியில் இருந்தது என்று நாலாம் ஞாயிறுதான் தெரிந்தது. துவக்கை மண்மூட்டையில் அமத்தி வைத்து, தோளில் இறுக்கி, மூச்சை அடக்கிச் சுட்டுக்கொண்டிருந்தேன். ரவை குழாயை விட்டுப் போக முன்னமே துவக்கு உதைக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி உதைக்க அதை விட்டுவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒருதரம் பிடித்த மாதிரி மறுதரம் பிடிக்க வராது. இடது உள்ளங்கையை மூட்டையில் மல்லாத்தி, துவக்கை அதில் சும்மா படுக்கவிட்டு, தோளில் தொட்டும் தொடாமலும் வைத்தேன். விரல் மட்டும் வேலை செய்தது.

ஆறரைக்கே சுட்டு முடிக்க வேண்டியிருந்தது. இது கச்சான் காலம், கோயில் வாசலில் சுருளில் விற்கிற கச்சான் இல்லை, தென்மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வருகிற காற்று. அரைக் கிராம் சொச்சமுள்ள ரவையை அது பக்கத்தில் தள்ளிவிடும். பனையோலை சலசலக்கத் தொடங்கினால் கடதாசியைச் சுருட்டிவிடலாம்.

கடைசி ஐந்து வெடியில் நாலை ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியால் மூடினேன். ஐந்தாவது குற்றியின் ஓரத்தில் பாதி தெரிந்தது. நடுவுக்கு நடு அடிமட்டம் வைத்தால் 22 மில்லிமீற்றர். மாமா கடதாசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டக் கிட்ட ஓட்டை போட்டா ஒரே ஓட்டைதானே மருமகன். நாலு ரவை வீணாப்போச்சு."

கதவின் உட்பக்கம் சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன்: 20 மீற்றர், ஏற்றம் 60, வலம் 9, ஃபிலிம் 2. நெயில் பொலிஷ் கோடு இன்னும் முறியவில்லை. 30 மீற்றருக்குப் போகவேண்டும், வயல் பக்கம் இன்னொரு வரிசை மணல்மூட்டை தேவை. அடுத்த ஞாயிறு கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேர், துவக்கு அலுமாரிக்குள்.