கொழிஞ்சாம்பாறையிலிருந்து நெட்வொர்க் வேலைக்கு: நான் தேர்ந்த வழி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து, தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள்தான் முதலில் கண்ணில் படும்: கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போவது, அல்லது வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் பேருந்து ஏறுவது. பத்தாம் வகுப்புத் தரத்துத் தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் வினாத்தாள் உண்டு என்பதால் அப்பாவுக்கு முதல் வழியில்தான் நம்பிக்கை இருந்தது. நான் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்கைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவை நான் ஒருமுறை அல்ல, மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. இப்போது இதே கேள்வியோடு நிற்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால், அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

2016-இல் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து வீட்டில் இருந்தபோது, ஊரில் கேபிள் டி.வி. நடத்தும் அண்ணன் ஒருவர் என்னை வேலைக்கு அழைத்தார். ஐப்பசியில் மாலை மழையோடு வரும் இடி எங்கள் பக்கத்தில் கடுமையானது. ஒவ்வோர் ஆண்டும் செம்புக் கம்பி வழியாக இடி இறங்கி ஆம்பிளிஃபயர்கள் எரிந்துபோகும். அதனால் அவர் லைன் முழுவதையும் ஃபைபருக்கு மாற்றி, டி.வி.யோடு இணைய இணைப்பும் கொடுக்கத் தொடங்கியிருந்தார். எனக்குக் கிடைத்த முதல் வேலை ஃபைபர் ஒட்டுவது. மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரில் வைத்து நேராக வெட்டி, இரு முனைகளையும் ஸ்பிளைசிங் மெஷினில் எதிரெதிராக வைத்தால், சின்னத் திரையில் அவை பெரிதாகத் தெரியும். 125 மைக்ரான் கனமுள்ள கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடும் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான்தான். மின்பொறி ஒரு கணம் மின்னி இரண்டும் ஒன்றானதும் திரையில் 0.02 டெசிபல் இழப்பு என்று வரும்போது ஏற்படும் நிறைவு, பத்து ஆண்டுகள் கழித்தும் எனக்குக் குறையவில்லை.

‘நெட் வரவில்லை’ என்று புகார் வந்தால், வீட்டு மோடத்தை முதலில் நோண்ட அண்ணன் விடமாட்டார். “முதல்ல பவர் பாரு தம்பி, அப்புறம் பெட்டியப் பாரு” என்பார். பவர் என்று அவர் சொன்னது ஃபைபரில் வரும் ஒளியின் அளவை. பவர் மீட்டரில் மைனஸ் 19, 20 என்று காட்டினால் ஒளி நன்றாக வருகிறது. மைனஸ் 27-ஐத் தாண்டிவிட்டால் எங்கேயோ மடங்கியிருக்கிறது அல்லது ஒட்டு கெட்டிருக்கிறது. கீழிருந்து மேலே, ஒவ்வொரு படியாகச் சரிபார்த்துக்கொண்டு போவதுதான் நெட்வொர்க் பழுதுபார்ப்பின் அடிப்படை என்று பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, நான் அதை ஏணி மேல் நின்று கற்றுக்கொண்டேன்.

2019-இல், நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழான சி.சி.என்.ஏ. படிக்கத் தொடங்கினேன். பாதி படித்திருந்தபோதே, 2020 பிப்ரவரி 24 முதல் தேர்வு முழுவதுமாக மாறுகிறது என்று தெரியவந்தது. ரவுட்டிங், பாதுகாப்பு, வயர்லெஸ் என்று தனித்தனியாக இருந்த சி.சி.என்.ஏ. தேர்வுகளை சிஸ்கோ ஒன்றாக்கியது. நெட்வொர்க்கைப் புரோகிராம் மூலம் இயக்குவதும் பாடத்திட்டத்திற்குள் வந்தது. மென்பொருள் சார்ந்த ‘டெவ்நெட்’ என்ற தனிச் சான்றிதழ் வரிசையும் அதே நாளில் தொடங்கியது. பழைய தேர்வுக்கு வாங்கிய புத்தகங்கள் வீணாகிவிட்டன என்று அன்று வருந்தினேன். உண்மையில் அந்த மாற்றம் ஒரு முன்னறிவிப்பு. தகவலுக்கு வழி காட்டும் ரவுட்டருக்குள் நுழைந்து ஒவ்வொரு கட்டளையாகத் தட்டும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதைத் தேர்வு நடத்துகிறவர்களே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. எல்லை மூடப்பட்டது, கோவைக்கு வேலைக்குப் போனவர்களெல்லாம் வீட்டில் அமர்ந்து லேப்டாப்பில் வேலை செய்யத் தொடங்கியதால், ஒரே மாதத்தில் எங்களிடம் கேட்டு வந்த புது இணைப்புகளுக்குக் கேபிள் சுருள் போதவில்லை. பகலில் கம்பம், இரவில் படிப்பு. சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் ஏற்றிப் பயிற்சி செய்தேன். நெட்வொர்க் முகவரிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கைக் கேபிள் ரசீதுகளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்து ஏறக்குறைய 26,000 ரூபாய் ஆனது. 2020 நவம்பரில் தோற்றேன். காரணம் தெளிவானது: கட்டளைகளை மனப்பாடம் செய்திருந்தேன், ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) ஏன் இந்த வழியாகப் போகிறது, அந்த வழியாக ஏன் போகவில்லை என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியவில்லை. இரண்டாவது கட்டணத்தை அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் தேறினேன்.

அந்த ஆண்டே கோவையில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் முதல் நிலைப் பொறியாளராக வேலை கிடைத்தது. பெரும்பாலும் இரவு ஷிப்ட். திரையில் எங்கேயாவது ஓர் இணைப்பு சிவப்பானால் டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டு, இணைப்பு கொடுத்த நிறுவனத்தை அழைத்து, அவர்கள் சொல்வதை எழுதி, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த வேலையின் பெரும்பகுதியை ஒரு மென்பொருள் செய்யத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள், கிளைகளை இணைக்கத் தனியாக வாங்கும் விலையுயர்ந்த எம்.பி.எல்.எஸ். இணைப்புகளை விட்டு, சாதாரண பிராட்பேண்ட் மேலேயே மென்பொருளால் இயங்கும் எஸ்.டி.வான் முறைக்கு மாறினார்கள். கிளை அலுவலகத்துக்குப் பெட்டி கூரியரில் போகும்; அங்கிருப்பவர் கேபிளைச் செருகினால் போதும், தனக்கான அமைப்பை அது தானே இறக்கிக்கொள்ளும். எங்கள் ஷிப்டில் வேலையை விட்டுப் போனவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. அடுத்த ஆண்டு எங்கள் குழு இருக்குமா என்று கேட்டதற்கு யாரிடமிருந்தும் நேரான பதில் வரவில்லை. அந்த மௌனம்தான் என்னை மிகவும் வாட்டியது.

மூன்று வழிகள் இருந்தன. துபாயில் கேபிளிங் மேற்பார்வையாளர் வேலைக்கு உறவினர் அழைத்தார். பெரும் கட்டணம் கேட்கும் ஒரு பயிற்சி நிலையம் ஆறே மாதத்தில் மென்பொருள் எழுத்தாளராக்குவதாகச் சொன்னது. அப்பா மறுபடியும் பி.எஸ்.சி. என்றார். யாரிடம் கேட்டாலும் ‘நெட்வொர்க்கிங் செத்துவிட்டது’ என்றோ, ‘அதற்கு என்றும் அழிவில்லை’ என்றோதான் பதில் வந்தது. இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியவில்லை.

ஆகவே, மூன்று மாதங்களாக நான் கையாண்ட 212 டிக்கெட்டுகளையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் காரணத்தையும் எதிரே குறித்தேன். 140-க்கு மேற்பட்டவை வெறும் இணைப்புத் துண்டிப்பு. அவற்றில் நான் செய்தது தகவல் சொன்னது மட்டுமே. நாற்பதுக்கும் குறைவானவை யாரோ செய்த அமைப்புப் பிழை. பழைய நிலைக்குத் திருப்பினால் சரியாகும். மிச்சம் முப்பது சொச்சம் டிக்கெட்டுகளைத்தான் மனிதர் ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த முப்பதைத் தீர்ப்பவர்கள் ஒருவரும் வேலை குறித்து அஞ்சவில்லை என்பதையும் கவனித்தேன். நான் போக வேண்டிய இடம் வேறு தொழில் அல்ல, இதே தொழிலின் அந்த மூலைதான் என்று அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது.

அந்த முப்பதில் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஒரு கிளை அலுவலகத்தில் சில தளங்கள் திறந்தன, சில பாதியில் நின்றன. பிங் (மறுமுனை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அடித்தால் பதில் வந்தது. இணைப்பு பச்சையாக இருந்தது. கண்காணிப்பு மென்பொருள் எந்தக் குறையும் சொல்லவில்லை. எங்கள் மூத்த பொறியாளர் பிங்கின் அளவை 1472 பைட்டாக வைத்து, பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பச் சொன்னார். போகவில்லை. அளவைப் படிப்படியாகக் குறைத்தேன், 1394-இல் போனது. பாக்கெட்டின் முன்னால் முகவரி முதலியவற்றைத் தாங்கும் தலைப்பின் 28 பைட்டைச் சேர்த்தால் 1422. தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கச் சுரங்கம் தன் பங்குக்குச் சில பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், 1500 பைட் பாக்கெட் அதற்குள் நுழையவில்லை. ‘பாக்கெட் பெரிது, சிறிதாக்கு’ என்று திரும்பி வர வேண்டிய செய்தியை நடுவில் ஒரு ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) தடுத்துக்கொண்டிருந்தது. தகவலைத் துண்டுகளாக்கி அனுப்பும் டி.சி.பி.யின் துண்டு அளவை 1360 ஆகக் கட்டுப்படுத்தியதும் எல்லாத் தளங்களும் திறந்தன. இதைக் கண்டுபிடிக்க எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது தெரிய வேண்டியதில்லை, பாக்கெட்டுகளை முகவரி பார்த்து அனுப்பும் ஐ.பி. விதிமுறை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் போதும்.

அதன் பிறகு படித்த வரிசை இது: பைத்தான் என்ற நிரல் மொழி, லினக்ஸ் இயங்குதளம், இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளை இணைக்கும் கிளவுட் நெட்வொர்க்கிங். பைத்தான் நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. ஆனால் அதனால் விளைந்த ஒரு பெரிய தவறையும் இங்கே மறைக்கக் கூடாது. ஒரு நெட்வொர்க்குக்குள் பிரித்துவைக்கும் தனிப் பகுதிக்கு வி.லேன் என்று பெயர்; பல வி.லேன்கள் சேர்ந்து போகும் இணைப்பு முனை டிரங்க் போர்ட். கணினிகளை இணைக்கும் 14 சுவிட்சுகளின் டிரங்க் போர்ட்டுகளில் 30-ஆம் எண் வி.லேனைச் சேர்க்க ஸ்கிரிப்ட் எழுதினேன். ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு சேர்க்க ‘ஆட்’ என்ற ஒரு சொல் கட்டளையில் இருக்க வேண்டும், அதை விட்டுவிட்டேன். சிஸ்கோ சுவிட்ச் அதை, பழைய பட்டியலை நீக்கிவிட்டு 30-ஐ மட்டும் அனுமதி என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்திற்குள் ஒரு கட்டடம் முழுவதும் இணைப்பு இழந்தது. கையால் செய்திருந்தால் முதல் சுவிட்சிலேயே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து ஒரு சுவிட்சில் ஓட்டி, பத்து நிமிடம் பார்த்து, திரும்பும் வழியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைத் தொடுகிறேன். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியதும் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால்தான். முதுகெலும்பு நெட்வொர்க் துண்டிக்கப்பட்டதும், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் அவர்களின் டி.என்.எஸ். சர்வர்களுக்கான வழிகள், நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி அறிவிக்கும் பி.ஜி.பி.யிலிருந்து விலகிக்கொண்டன. தானியக்கம் வளர வளர, ஒரு கட்டளையின் விளைவை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் தேவைப்படுவார் என்பதை என் தவறின் வழியாகவே முழுமையாக உணர்ந்தேன். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அமைப்பு முழுவதையும் நொடியில் எழுதித் தருகிறது, நானும் கேட்கிறேன். அந்த ‘ஆட்’ இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

கிளவுட்டைக் கண்டு நான் அஞ்சியது தேவையில்லாதது. ரவுட் டேபிள் (வழிப் பட்டியல்), சப்நெட், ஃபயர்வால் விதி என எல்லாம் அங்கும் இருக்கின்றன. கண்ணால் பார்க்கப் பெட்டி மட்டும் இல்லை. அமேசான் கிளவுட்டில் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் 16 முகவரி உள்ள சப்நெட்டில் 11தான் நமக்கு மிஞ்சும் என்பது போன்ற சில தனி விதிகள் புதியவை; கணக்கு பழையதுதான். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், 2024 தொடக்கத்தில் டெவ்நெட் தேர்வு எழுதிப் புதுப்பித்துக்கொண்டேன். அதே ஆண்டு வேறு நிறுவனத்தில் கிளவுட் இணைப்புகளைப் பார்க்கும் குழுவில் சேர்ந்தேன். இரண்டாவது நேர்காணலில் ஒரு மணி நேரத்தில் பாதி, மேலே சொன்ன 1394 கதையைப் பற்றித்தான் நடந்தது.

இதில் சேர விரும்புகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான் உறுதியானது: முதல் நிலைக் கண்காணிப்பு வேலை கிடைத்தால் மறுக்காதீர்கள், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே இருக்கத் திட்டமிடாதீர்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் பாக்கெட் டிரேசரில் மூன்று மாதம் இருந்து பாருங்கள். இரவில் உடைந்த ஒன்றைச் சரிசெய்யும் வரை எழுந்திருக்க மனம் வராதவர்களுக்கே இந்த வேலை பொருந்தும். வெளியூர் போக இயலாதவர்கள் ஃபைபர் வேலையைக் குறைவாக எண்ண வேண்டாம். 2023 ஜூன் 5-இல் தொடங்கப்பட்ட, கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோன் உட்பட, நம் மாவட்டத்தில் கண்ணாடி இழை போகும் தூரம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நெட்வொர்க்கிங் படிக்கலாமா மாமா என்று கேட்டான். பதில் சொல்லாமல் அவனை இரண்டு வாரம் அந்தக் கேபிள் அண்ணனிடம் அனுப்பினேன். திரும்பி வந்தவன் கேட்டது வேறு: நம் வீட்டு மோடமும் பக்கத்து வீட்டு மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைத்தான் வைத்திருக்கின்றன, அப்படியானால் யூடியூப் அனுப்பும் வீடியோ எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? திண்ணையில் ஒரு தாளை எடுத்துவைத்து, இரண்டு வீடுகளை வரைந்து, அதிலிருந்து தொடங்கினோம்.