காது சவ்வுக்கு இரண்டாவது ஒட்டு

வலது காதுச் சவ்வில் எனக்கு ஓட்டை விழுந்தது பள்ளிக்கூடக் காலத்தில். சளி பிடித்தால் சீழ் வடியும், மருந்து விட்டால் காயும், மறுபடி வடியும். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை போட்ட பிறகு, யார் வந்து பேசினாலும் இடது காதைக் காட்டித் திரும்பி நிற்பதே பழக்கமாகிவிட்டது.

முதல் ஆபரேஷனில் காதுக்கு மேலே, முடிக்குள் கீறி, பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையை எடுத்து ஒட்டினார்கள். ஃபேசியா என்பது இதைத்தான். எதை வைக்கப் போகிறார்கள், ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் கடுமையான சளி. பிறகு போய்க் காட்டினால், சவ்வின் முன் ஓரத்தில் மறுபடி ஓட்டை. அன்று கடையைத் திறக்கவே மனம் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். காதுக்குள் கேமராவை விட்டு, திரையில் ஓட்டையைக் காட்டினார். "அண்ணா, ஃபேசியா மட்டமான பொருள் இல்லை. பெரும்பாலான பேருக்கு அதுவே நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு ஓட்டை முன்பக்கம் இருக்கு. அங்கே ஒட்டுக்குப் பிடிமானம் கம்மி. மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாயும் சரியாகத் திறக்கலை. அதனால உள்ளே காற்றழுத்தம் குறைந்து, ஒட்டை உள்பக்கம் இழுக்குது" என்றார். இந்த முறை குருத்தெலும்பு வைக்கலாம் என்று சொல்லி, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டைக் கிள்ளிக் காட்டினார். அங்கிருந்துதான் எடுப்பார்களாம்.

எனக்கு அது சட்டைக் காலரை வைத்துத்தான் புரிந்தது. வெறும் மல் துணியில் காலர் தைத்தால் ஒரே துவைப்பில் தொய்ந்துவிடும், உள்ளே கேன்வாஸ் கொடுத்தால் நிற்கும். குருத்தெலும்பு விறைப்பானது, இழுத்தாலும் குழியாது. ரத்த ஓட்டம் குறைவாகக் கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

சரி, விறைப்பாக இருந்தால் சத்தம் மந்தமாகாதா? இதைக் கேட்காமல் விடவில்லை. உண்மையான சவ்வின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். குருத்தெலும்பை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவித்தான் வைப்பார்கள், அப்படி வைத்தால் கேட்கும் திறனில் பெரிய வித்தியாசம் வராது என்றார். குறை வேறொன்று. ஃபேசியா வழியாக உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று ஓரளவு பார்க்க முடியும். குருத்தெலும்பு வெள்ளையாக மறைத்துவிடும். ஊசி முனை அளவு ஓட்டை என்றால் காது மடலின் அடியிலிருந்து கொழுப்பை எடுத்து அடைப்பதும் உண்டாம். என் ஓட்டைக்கு அது போதாது.

ஆறு வாரம் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காய வைத்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். காது மரத்துப்போக ஊசி போட்டுச் செய்ததால் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். வலி இல்லை. உறிஞ்சும் குழாயின் இரைச்சல் மட்டும் மண்டைக்குள் மழை கொட்டுவது போலக் கேட்டது.

அப்புறம்தான் கஷ்டம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். கடையில் துணித் தூசி பறக்கும் என்பதால் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. நாக்கின் வலது ஓரத்தில் தகரத்தை நக்கியது போல ஒரு ருசி, மீன் குழம்புகூடச் சப்பென்று இருந்தது. பயந்துபோய்க் கேட்டேன். ருசி நரம்பு ஒன்று சவ்வை ஒட்டியே ஓடுகிறதாம், ஆபரேஷனில் அது லேசாக இழுபட்டிருக்கும் என்றார். இரண்டு மாதத்தில் சரியானது.

நான்காவது மாதம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்தார்கள். முன்பு 45 டெசிபல் இருந்த இழப்பு 25க்கு இறங்கியிருந்தது. இப்போது மிஷினில் பாபின் நூல் தீரும்போது சத்தம் மாறுவது வலது காதிலும் கேட்கிறது. ஒட்டுக்குப் பின்னால் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அடுத்தது தை மாதம்.