ஆடிக்கு முன் ஒரு கூறைச் சேலை

2024 ஜூன் 9, ஞாயிறு

ஆவணியில் முகூர்த்தம் என்று நேற்று முடிவாகிவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணத்துக்கென்று ஒரு முழத் துணிகூட வாங்க அம்மா விடமாட்டார். ஆக, கூறைச் சேலை எடுக்க எங்களுக்கு இருப்பது ஐந்து கிழமை.

கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். மாத்தளையிலிருந்து அத்தை (மாப்பிள்ளையின் அம்மா) போனில், "உனக்குப் பிடிச்சத எடு பிள்ள, வெலையப் பாக்காத" என்றார். கட்டாரில் இருக்கும் மூத்த மகன் காசு அனுப்பியிருக்கிறாராம். அத்தை மனசு நல்ல மனசு. ஆனால் விலையைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் அம்மாவுக்கு முழுப் பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், விழும். அதற்கு 2021 முதல் 1,000 ரூபாய். போன மாதம் 1,700 என்று அறிவித்தார்கள். இன்னும் கைக்கு வரவில்லை. எந்தச் சேலையின் விலைச்சீட்டைப் பார்த்தாலும் என் மனசு அதை ஆயிரத்தால் வகுத்து, எத்தனை நாள் மலை ஏறி இறங்க வேண்டும் என்றுதான் கணக்குப் போடுகிறது.

ஜூன் 21, வெள்ளி (பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை)

பள்ளிக்கூடம் லீவு. வெளியே நல்ல மழை. அம்மாயியோடு அடுப்படியில் உட்கார்ந்து பழைய கதை கேட்டேன்.

அம்மாயிக்குக் கல்யாணம் 1974இல். இறக்குமதி எல்லாம் நிறுத்தியிருந்த காலம், தோட்டங்களில் பஞ்சம். பட்டுச் சேலை கண்ணால் காணவும் கிடையாது. கூப்பன் கடையில் கிடைத்த வெள்ளை நூல் சேலையை மஞ்சள் கரைத்த தண்ணீரில் இரண்டு தடவை நனைத்துக் காயவைத்துக் கட்டினாராம். வெயிலே இல்லாததால் அடுப்புக்கு மேல் கொடி கட்டித்தான் காயவைத்தார்களாம். "தாலி கட்டும்போதும் பொக வாசந்தான் அடிச்சிச்சு" என்றார். அந்தச் சேலை பிறகு அம்மாவுக்குத் தொட்டிலாகிவிட்டது.

அம்மாவின் கூறைச் சேலை பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். சரிகை கறுத்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போய், ஒரு மூலையில் பூசணம். எங்கள் லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டுச்) சுவரில் வருடம் முழுக்க ஈரம். பட்டை மடித்த மடிப்பிலேயே வருடக்கணக்கில் வைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையும் கூடாது, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பதுதான் நல்லது. அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அன்றைக்கு யாரும் இருக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பரிசத்துக்கென்று நாங்கள் ஒரு கடையில் 'அசல் பட்டு' என்று நம்பி எடுத்த சேலையின் முந்தானையில் இரண்டு இழையை உருவி நெருப்பில் காட்டினேன். பட்டாக இருந்தால் முடி பொசுங்குகிற வாசம் வரும். நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகி, கடுகு மாதிரி கறுப்பாகக் கட்டிக்கொண்டது. பொலியெஸ்டர். 14,500 ரூபாய்! அம்மா ஒன்றும் பேசாமல் அந்தக் கறுப்பு உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

கண்டி. விடிய ஐந்தரைக்கு ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை எல்லாம் தாண்டிப் போய்ச் சேரும்போது அத்தை எங்களுக்கு முன்னே வந்து நின்றார்.

மூன்றாவது கடையில்தான் நல்ல காஞ்சிபுரம் பார்த்தோம். அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் சீட்டு இருந்தது. கடைக்காரர் பொறுமையானவர். சேலையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையைக் காட்டினார். உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்தமாதிரி பல்பல்லாகத் தெரிந்தது. சரிகை நூல் ஒன்றை நகத்தால் சுரண்டச் சொன்னார். மேலே மினுமினுப்பு, அதற்குக் கீழே வெள்ளி, உள்ளே சிவப்புப் பட்டு இழை. ஜூன் 30க்குப் பிறகு எதையும் சும்மா நம்பக் கூடாது என்றுதான் போனேன். அவர் தானாகவே எல்லாம் காட்டினார்.

அத்தை எடுத்தது குங்குமச் சிவப்பு, ஒரு சாண் கரை, 92,000. தோளில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ இருக்கும். மணவறையில் இரண்டு மணி நேரம், அப்புறம் கோவிலுக்கு 64 படி. மழைக்காலம் வேறு.

நான் கண் வைத்தது அரக்கு நிறத்தில் ஒன்று. நாலு விரல் கரை, பச்சை முந்தானை, 46,000. அத்தைக்கு அது கண்ணில் நிற்கவில்லை. "மங்கலா இருக்கே பிள்ள" என்றார்.

அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். காலையிலிருந்து எந்தச் சேலையையும் விரலால் தொடவில்லை. புறங்கையால் மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து கிள்ளும் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வெடித்து, வெடிப்புக்குள் சாயம் ஏறிக் கறுத்திருக்கும். அந்த விரல் பட்டால் இழை மாட்டிக்கொள்ளும், அடுத்தவர் கடைச் சாமான் வீணாகும் என்ற பயம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மா மெதுவாக, "ரெண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க" என்றார். கடைக்குள் எல்லாமே மஞ்சள் விளக்கு. வெளியே மேகம் மூடிய வெளிச்சத்தில் சிவப்பு அப்படியே கண்ணைக் குத்தியது. சரிகை தனியாக நின்றது. அரக்கோ, உள்ளே இருந்ததைவிட வெளியேதான் உயிரோடு இருந்தது. எங்கள் ஊரில் முகூர்த்த நேரத்துக்கு இந்த வெளிச்சம்தான் இருக்கும், பனிமூட்டம் இறங்கினால் இன்னும் குறையும்.

அத்தை கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "அண்ணி, நானும் இருபது வருசம் கொழுந்து எடுத்தவதான். கையால தொட்டுப் பாருங்க, நம்ம பிள்ளைக்குத்தானே எடுக்கிறோம்" என்று சொல்லி, அரக்குச் சேலையின் மேல் வைத்தார். ஓரிடத்தில் இழை மாட்டத்தான் செய்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதையே எடுத்தோம்.

ஜூலை 14, ஞாயிறு

சட்டைக்கு அளவு கொடுத்தாயிற்று. கை முழங்கை வரை, குளிருக்கும் நல்லது. ஃபோல்ஸ் அடித்து, குஞ்சம் முடியக் கொடுத்தேன். மிச்சப் பணத்தில் அம்மாவுக்கும் அம்மாயிக்கும் ஆளுக்கொரு சேலை எடுக்கச் சொல்லி அத்தை அனுப்பியிருக்கிறார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மாவின் பாயருகே ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கும். முழங்கால் வலிக்கென்று நினைத்திருந்தேன். இன்றைக்கு இரவு பார்த்தால், எண்ணெயை விரல்களில் பூசி, வெடிப்பு வெடிப்பாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டேன்.

"ஒரு மாசமாப் போடுறேன். கொசுவம் நாந்தான் பிடிச்சிவிடணும். வேற யாரையும் கூப்பிட்டுறாத."

இன்னும் முழுசாக ஆறவில்லை. கிண்ணத்தை என் பக்கம் இழுத்து, இடது கை விரல்களுக்கு நான் தேய்த்துவிட்டேன்.