லட்சுமிகாந்தன் வழக்கைப் படிக்கும் நாட்கள்

நவம்பர் 1, 2024

நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதர் 1959இல் மறைந்த நாள் இன்று. துப்புத் துலங்காத கொலைகளைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. 1888இல் லண்டனின் ஒயிட்சேப்பலில் நடந்த கொலைகளைப் பற்றிக் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனாலும் என் தூக்கத்தைக் கெடுப்பது என்னவோ 1944இல் சென்னை வேப்பேரியில் நடந்த, பாகவதர் மீதும் குற்றம் சாட்டப்பட்ட கொலைதான். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாகவதரிடம் தொடங்கிப் பாகவதரிடமே முடிக்கிறார்கள். கொலையுண்டவர் சி. என். லட்சுமிகாந்தன் என்பது அடிக்குறிப்பு போல ஒதுங்கிவிடுகிறது.

நவம்பர் 3

பொய்ப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகச் சிறை சென்று வந்த லட்சுமிகாந்தன், ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவதையே பிழைப்பாக்கிக்கொண்டார். எழுதி விற்றது ஒரு வருமானம். எழுதாமலிருக்கப் பெற்றது மற்றொன்று. பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்ததன் பேரில் அந்தப் பத்திரிகையின் உரிமம் ரத்தானது. மனிதர் அசரவில்லை, ‘இந்து நேசன்’ வழியாக முன்பைவிடக் காரமாக எழுதத் தொடங்கினார். அந்த மஞ்சள் பத்திரிகையைத் திட்டிக்கொண்டே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும், கொலைச் செய்தி என்றால் நடுநிசி வரை விழித்திருக்கும் எனக்கும் அதிக தூரமில்லை என்று அவ்வப்போது தோன்றுவதுண்டு.

நவம்பர் 5

பாகவதர் நாயகனாக நடித்து 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. முதல் தீபாவளி முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. நாயகன் சிறைக்குள் இருந்தார்.

நவம்பர் 8

இன்றோடு 80 ஆண்டுகள். வேப்பேரியில் தம் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைப் பட்டப்பகலில் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். அவர் அந்த இடத்திலேயே சாய்ந்துவிடவில்லை. இரத்தம் ஒழுக ஒழுக வழக்கறிஞர் வீட்டுக்கே திரும்பிப் போய் நடந்ததைச் சொல்லி, அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டு, மறுநாள் இறந்தார். குத்துப்பட்டவரே பேசும் நிலையில் இருந்த ஒரு வழக்கு எப்படி இத்தனை இருண்டுபோனது என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

நவம்பர் 10

பாகவதரும் கிருஷ்ணனும் கத்தியைத் தொட்டதாக யாரும் சொல்லவில்லை. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்பு ஜூரிகளுடன் விசாரணை நடந்தது. கே. எம். முன்ஷி வாதாடிய ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட, 1945 மே மாதத்தில் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு தள்ளுபடியாகி, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கும்படி திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். கலைவாணர் கிருஷ்ணன் பழைய செல்வாக்கோடு எழுந்து நின்றார். பாகவதரால் அது முடியவில்லை. 1948இல் வந்த ‘ராஜமுக்தி’ எடுபடவில்லை.

நவம்பர் 12

விடுதலைத் தீர்ப்பு, இந்த இருவர் மீதான குற்றம் நிரூபணமாகவில்லை என்ற அளவில் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. பின்னால் இருந்து ஏவியது யார் என்று தேடுவது அதன் பொறுப்பல்ல. லட்சுமிகாந்தன் சாக வேண்டும் என்று நினைக்கக் காரணம் இருந்தவர்கள் சினிமாவுக்கு வெளியேயும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ‘இந்து நேசன்’ பழைய இதழ்கள் ஏதேனும் எஞ்சியிருக்கின்றனவா என்று கன்னிமாரா நூலகத்தில் விசாரிக்க வேண்டும். கிடைத்தாலும், அதில் திட்டு வாங்கியவர்களின் பெயர்கள்தான் இருக்கும். பணம் கொடுத்து அவர் வாயை அடைத்தவர்களின் பெயர்கள் அச்சில் ஏறியே இருக்காது.