கல்லமேட்டு மண்ணில் முதலைப் பல்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எனக்குக் கிடைத்தது அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டு மண். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறு கொண்டுவந்து கொட்டிய படிவு அது. இங்கே கிடைத்த ஓர் ஆமைப் புதைபடிவத்துக்கு 2001-இல் ஊர்ப் பெயரையே சேர்த்து குர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த மாதிரி பெருமையெல்லாம் கிடையாது. மண்ணைச் சலித்து, கிடைக்கிற பற்களில் முதலை வகையறாவைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

களிமண் கட்டியை நன்றாகக் காயவைத்து மண்ணெண்ணெயில் ஊறப் போடுவோம். அதை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கட்டி தானாக உடைந்து சேறாகும். நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதை உலர்த்தி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இது பழகிய வேலைதான். கழுத்துதான் போய்விடும்.

முதலைகள் வாழ்நாள் முழுக்கப் பல் மாற்றுபவை. பழைய பல்லின் அடியில் புதுப் பல் வளர்ந்து, வேரைக் கரைத்து, மேலே தள்ளிவிடும். அப்படி விழுந்த பல்லுக்கு வேர் இருக்காது, அடிப்பக்கம் குழிந்திருக்கும். மண்டையோடு அபூர்வம், பல் தாராளம் என்பதற்குக் காரணமே இதுதான்.

கூம்பாக இருப்பதெல்லாம் முதலை இல்லை. கல்லமேட்டில் கார் (gar) என்ற நீள மூக்கு மீன் வகையின் பற்களும் வரும். அவையும் கூம்புதான், அவற்றிலும் நெடுக்குக் கோடுகள் உண்டு. நான் நுனியைப் பார்ப்பேன். மீன் பல்லின் உச்சியில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சிறு தொப்பி தனியாகத் தெரியும். முதலைப் பல்லில் அது இல்லை. எனாமல் நுனிவரை ஒரே சீராகப் போகும், இரு பக்கமும் எதிரெதிராகக் கூர்விளிம்பு ஓடும். பல்லை மெல்ல உருட்டி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த விளிம்பு கண்ணில் படும்.

தட்டையாக, விளிம்பில் ரம்பம் போல வெட்டுடன் வந்தால் தலைவலி ஆரம்பம். இறைச்சி தின்னும் டைனோசரின் பல்லும் அப்படித்தான். நிலத்தில் வேட்டையாடிய சில பழைய முதலை உறவுகளின் பல்லும் அப்படித்தான். தெலங்கானாவின் நஸ்கல் முதலைப் பற்களைப் பற்றி 2002-இல் வந்த கட்டுரை இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு வெட்டும் தனித்தனி ரம்பப் பல்லாகப் பிரிந்து நிற்கிறதா, அல்லது எனாமல் சுருக்கங்கள் விளிம்புவரை ஓடி ரம்பம் போலத் தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் டைனோசரை விட்டுவிடலாம். இதை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில்தான் உறுதிசெய்ய முடியும். அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், அது தனிக் கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இலை போன்ற பல். நடுவில் பெரிய முனை, இருபுறமும் சின்ன முனைகள். மடகாஸ்கரில் கிடைத்து 2000-இல் பெயரிடப்பட்ட சிமோசூகஸ் என்ற பழைய முதலை உறவுக்கு இப்படிப்பட்ட பல். மொண்ணை மூக்கு, முக்கால் மீட்டர் நீளம், செடிகொடி தின்றிருக்கலாம். 2013-இல் கல்லமேட்டிலிருந்தும் அதே சாயலில் பல் பதிவாகியிருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. பிறகும் இரண்டு இடத்திலும் ஒரே சாயல் எப்படி என்ற கேள்வியால்தான் அந்தப் பல்லுக்கு இவ்வளவு மவுசு.

ஆனால் ஒரே விலங்கின் வாயிலேயே முன்பல் ஒரு மாதிரி, பின்பல் ஒரு மாதிரி இருக்கும். அதனால் வடிவம் மாறியதும் புது இனம் என்று குதிக்காமல், தாடையில் எந்த இடத்துப் பல் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். வழிகாட்டிப் பேராசிரியர் பேரினப் பெயர் எழுதவே விடமாட்டார். "தாடை கிடைச்சுதா? அப்புறம் எதுக்குப் பேரு?" என்பார். என் பெட்டியில் பாதிக்கு மேல் "முதலை வகையறா, இனம் தெரியாது" என்ற சீட்டுடன்தான் ஒப்படைக்கப்பட்டன.