குளச்சல் மணலில் தொடங்கி வட்டக்கோட்டை வரைக்கும்

கன்னியாகுமரிக்குப் போய்வந்தோம் என்பவர்களிடம் எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டால் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, காந்தி மண்டபம், இப்போது பாறையையும் சிலையையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே முனையில் இருப்பவை. எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை மட்டும் எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே கேரள எல்லையில் நீரோடி வரைக்கும். நடுவில் எத்தனை துறைகள், எத்தனை கோயில், எத்தனை குருசடி, எத்தனை கதை! சூரிய உதயம் பார்த்துவிட்டு பத்து மணி ரயிலைப் பிடித்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காது.

போன பள்ளி விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். அவள் பையன் எட்டாம் வகுப்பு. முதல் நாளே, "மாமா, பாறைக்கெல்லாம் போன தடவையே போயாச்சு, வேற என்ன இருக்கு?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. டிலனாய் என்கிற ஒரே ஆளைப் பின்தொடர்ந்து மாவட்டத்தைச் சுற்றலாம் என்று அவனிடம் சொன்னேன். யார் அது என்றான். சரி, வண்டியில் ஏறு, சொல்கிறேன் என்றேன்.

கதை குளச்சலில் ஆரம்பிக்கிறது, அதனால் நேரே அங்கேதான் போனோம். 1741. அப்போது இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர், அரசர் மார்த்தாண்ட வர்மா, தலைநகரம் பத்மநாபபுரம். மலையாளக் கரையின் மிளகு வியாபாரம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. மார்த்தாண்ட வர்மா வடக்கே ஒவ்வொரு சிற்றரசாகச் சேர்த்துக்கொண்டே போனதில், மிளகு விளைகிற மண்ணும் அவர் பக்கம் போக ஆரம்பித்தது. பேச்சுவார்த்தை சரிப்படவில்லை. இலங்கையிலிருந்து டச்சுப் படை கப்பலில் வந்து குளச்சலில் இறங்கியது. இங்கிருந்து பத்மநாபபுரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஒரு நாள் நடை. ஆனால் அவர்களால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. திருவிதாங்கூர் படை கரையிலேயே அவர்களை வளைத்துக்கொண்டது, வெடிமருந்துக் கிடங்கு தீப்பிடித்தது, சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் போனது, ஆகஸ்ட் மாதத்தில் சரணடைந்தார்கள்.

இதில் ஊர்க்கதை ஒன்று இருக்கிறது, என் பாட்டா சொல்லிக் கேட்டது. ஆள் பலம் காட்டுவதற்காகக் கடற்கரை முழுக்க மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்களாம், கப்பலிலிருந்து பார்த்தவனுக்கு அது துப்பாக்கி ஏந்திய படை மாதிரித் தெரிந்ததாம். மாட்டுவண்டியில் பனந்தடியைக் கட்டி பீரங்கி மாதிரி நிறுத்தினார்கள் என்றும் சொல்வார்கள். இதற்கு ஆவணம் தேடினால் கிடைக்காது, ஆனாலும் எனக்கு இந்தக் கதை முக்கியம். போரில் ராஜாவின் பெயர் நின்றுவிடும், தளபதி பெயர் நின்றுவிடும். கரையில் நின்ற ஆட்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது, அந்தத் துடுப்பு ஒன்றுதான் அவர்களுக்கான நினைவுச்சின்னம்.

கடற்கரைப் பக்கம் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஐரோப்பியரை ஆசிய அரசர் ஒருவர் முதன்முதலாகத் தோற்கடித்த இடம் இதுதான் என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது சரியில்லை, 1662-லேயே தைவானில் இதே டச்சுக்காரர்கள் தோற்றுக் கோட்டையை விட்டுப் போயிருக்கிறார்கள். முதல் என்று சொல்லாவிட்டால் குளச்சலின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. 1753-ல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை போட்டு, திருவிதாங்கூர் விவகாரத்தில் இனித் தலையிடுவதில்லை என்று டச்சுக்காரர்கள் ஒப்புக்கொண்டதில் முடிந்தது இந்தக் கரையில் தொடங்கிய விஷயம். இன்றைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டில், பழைய திருவிதாங்கூர் படையின் வழிவந்த 9-வது பட்டாலியன் ஜூலை 31-ஐக் குளச்சல் நாளாகக் கொண்டாடுகிறது.

தூணைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டோம். இதைச் சாப்பிடாமல் குளச்சல் போய்வந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

சரணடைந்தவர்களில் ஒருவர்தான் டிலனாய். ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, துப்பாக்கியும் பீரங்கியும் செய்யக் கற்றுக்கொடுத்து, கடைசியில் வலிய கப்பித்தான் என்கிற பெரிய பதவிக்கு வந்தார். அவர் வாழ்ந்த இடம் தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கிற உதயகிரிக் கோட்டை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில் போனால் ஓரத்திலேயே வந்துவிடும். ஒரு குன்றையே உள்ளே வைத்துச் சுற்றிலும் மதில் எழுப்பியிருக்கிறார்கள்.

இப்போது கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான்கள், பறவைகள், பெரிய பெரிய மரங்கள், மத்தியான வெயிலிலும் உள்ளே குளுமை. பூங்கா என்று நினைத்து வருகிறவர்கள் மானைப் பார்த்துவிட்டு, குழந்தைகளை விளையாட விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்து போங்கள். கூரை இல்லாத பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது, அதற்குள்தான் டிலனாயின் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் மனைவி, அப்புறம் களக்காட்டில் நடந்த போரில் இளவயதிலேயே இறந்துபோன மகன். பிடிக்க வந்த நாட்டில் பிடிபட்டு, அதே நாட்டுக்காக மகனையும் பறிகொடுத்து, 1777-ல் இங்கேயே மண்ணாகிப் போன ஒரு மனிதன். என் கூட வந்தவன் அதுவரைக்கும் பேசிக்கொண்டே வந்தான், அங்கே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதே கோட்டையோடு இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது. அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை டிலனாயோடு பழகி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் அடக்கமானது நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோவிலில். 2022-ல் வாட்டிகன் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் ஊரில் திருவிழா மாதிரி இருந்தது.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்றைக்கு நாங்கள் போகவில்லை, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. ஏன் என்று பையன் கேட்டதால் 1956 நவம்பர் 1-ஐப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சும்மா கிடைத்ததில்லை அது. மார்ஷல் நேசமணி தலைமையில் போராடினார்கள், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தத் தேதியை மறப்பதில்லை.

சாயங்காலம் மறுபடி கடற்கரைக்கு வந்து, மண்டைக்காடு தாண்டி மணவாளக்குறிச்சியில் வண்டியை நிறுத்தினேன். இங்கே பார்க்க வேண்டியது கடல் இல்லை, மணல். கையில் அள்ளினால் கருப்பும் சிவப்புமாக மின்னும், சாதாரண மணலைவிடக் கனமாக இருக்கும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே மோனசைட், எல்லாம் மணலில் கலந்திருக்கிற கனிமங்கள். தேரியில் விளையாடி வளர்ந்த எனக்கு இதெல்லாம் சும்மா மணல்தான், பெரியவனான பிறகுதான் கதை தெரிந்தது. 1909-ல் ஷாம்பெர்க் என்கிற ஜெர்மன்காரர், இங்கிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேஸ் விளக்கின் வலை தோரியத்தால்தான் அப்படிப் பளிச்சென்று எரியும். கல்யாண வீட்டுக்குத் தலையில் சுமந்து வருவார்களே பெட்ரோமாக்ஸ், அதன் மேன்டிலும் அதே சங்கதிதான். யோசித்துப் பாருங்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் திரித்த கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மண்ணால் ஐரோப்பாவில் தெருவிளக்கு எரிந்திருக்கிறது.

இன்றைக்கும் அங்கே மத்திய அரசின் மணல் ஆலை ஓடுகிறது. வேலையும் கொடுக்கிறது, பயத்தையும் கொடுக்கிறது. இந்த மணலில் இயற்கையாகவே கதிரியக்கம் அதிகம். கிள்ளியூர் பக்கம் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. நான் அந்த ஊர்களின் பக்கம். ஏற்கெனவே கடல் அரித்து, ஊருக்கு ஊர் பாறாங்கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டுக்கொண்டிருக்கிற கரை இது. ஒரு பக்கம் கல்லைக் கொட்டி இன்னொரு பக்கம் மணலை அள்ளினால் கரை எப்படி நிற்கும்?

முட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கம், கீழே செம்மண் சரிவு, அதற்கும் கீழே பாறைகளில் மோதி எழும் அலை. அஸ்தமனத்துக்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, முனையில் கூட்டத்தில் நின்று தலைகளுக்கு நடுவே பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். பழபஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் கடல் பார்ப்பதற்கான கடல், பெரும்பாலான இடங்களில் இறங்குவதற்கான கடல் இல்லை. முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரை, வெள்ளை மணலும் தென்னையுமாகப் படத்தில் அவ்வளவு அழகாக இருக்கும். 2024 மே 6 அன்று பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அங்கேதான் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்றைக்குப் புயல் இல்லை. மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தெற்கே பெருங்கடலில் அடிக்கிற காற்றால் எழும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, இங்கே ஒரு அறிகுறியும் காட்டாமல் திருடன் மாதிரிக் கரையேறும். இப்போது இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது. செய்தியைப் பாருங்கள், அதைவிடக் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிற பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். "இன்னைக்கு எறங்காத மக்கா" என்று அவர் சொன்னால் இறங்காதீர்கள்.

மறுநாள் கிழக்கே கிளம்பினோம். சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் காலை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம். சொத்தவிளை நீளமான கரை, குழந்தைகள் ஓடுவதற்கு நல்ல இடம். அடுத்தது மணக்குடி, பழையாறு கடலில் சேருகிற இடம். 2004 சுனாமி இங்கே மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவிலிருந்த பாலத்தையே பெயர்த்துத் தூக்கி எறிந்துவிட்டது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டிய பாலம். அதன்மேல் போகும்போதெல்லாம் நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

கடைசியாக வட்டக்கோட்டை. முனையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், இருந்தும் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெயர்தான் வட்டம், கோட்டை சதுரவாக்கில் இருக்கிறது. கருங்கல் மதில், அலை வந்து மதிலின் காலிலேயே அடிக்கிறது. திருவிதாங்கூரின் தெற்கு மூலையைக் கடல் பக்கத்திலிருந்து காவல் காக்க டிலனாயின் மேற்பார்வையில் பலப்படுத்திய கோட்டை. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கருமணல் கரையும் கடலும், திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் தென்னந்தோப்பு. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம், காற்று ஆளைத் தள்ளும்.

சுவரில் மீன் சின்னம் செதுக்கியிருப்பதைப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். பாண்டியர் சின்னம் இங்கே எப்படி வந்தது என்று கேட்டான். எனக்குப் பதில் தெரிந்திருந்தாலும் சொல்லவில்லை, நீயே படித்துவிட்டு எனக்கு எழுது என்றேன். அவன் கேட்கவில்லை, மதில்மேல் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இங்கிருந்து குளச்சல் தெரியுமா?"

தெரியாது, முனை மறைக்கும் என்றேன். அப்படியானால் அடுத்த லீவுக்கு தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவனே சொல்லிவிட்டான். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேருகிற ஊர் அது, பழைய பள்ளிவாசல் இருக்கிறது, அங்கிருந்து நீரோடி வரைக்கும் நானே முழுதாக நடந்ததில்லை.