நோவாவில் தொடங்கிய ஆண்டு

கணவருக்கு வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்து, பாளையங்கோட்டையிலிருந்து இஸ்ரேலின் ரெஹோவோத் நகருக்கு நாங்கள் குடிவந்தது ஓர் அக்டோபர் மாதத்தில். யூதப் புத்தாண்டு தொடங்கிக் கூடாரப் பண்டிகை வரை விடுமுறைகள் வரிசையாக வரும் பருவம் அது. வங்கிக் கணக்கு, இணைய இணைப்பு, ஒழுகும் குழாய் என்று எதைக் கேட்டாலும் ‘பண்டிகை முடியட்டும்’ என்பதே பதில். அந்தப் பண்டிகைகளின் இறுதி நாளில் ஜெப ஆலயங்களில் உபாகமத்தை முடித்து, அன்றே ஆதியாகமத்தைத் தொடங்குகிறார்கள். ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஓராண்டுக்குள் வாசித்து முடிக்கப்படுகின்றன. வாரத்துக்குரிய பகுதியைப் ‘பராஷா’ என்கிறார்கள். வெள்ளிக்கிழமை நாளிதழில் ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரத்துக்கு அருகில் அதன் பெயரும் இருக்கும்.

எதிர்வீட்டு அம்மையார் 1951-இல் பாக்தாத்திலிருந்து சிறுமியாக வந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. வியாழக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நாலைந்து பெண்கள் கூடிப் பராஷாவைப் பேசுவார்கள். எனக்கு எபிரேயம் தட்டுத்தடுமாறியே வரும் என்று தெரிந்தும், ‘உன் தமிழ் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வா’ என்று அழைத்தார். நான் போன முதல் வாரம், பெருவெள்ளத்திலிருந்து தப்பப் பேழை கட்டிய நோவாவின் பகுதி. வெளியே பருவத்தின் முதல் மழை.

ஞாயிறு பள்ளியில் நோவாவைக் குறையற்ற நீதிமானாகவே படித்தவள் நான். அங்கோ, அவன் ‘தன் காலத்தில்’ நீதிமான் என்று வசனம் ஏன் வரம்பு கட்டுகிறது என்பதிலேயே ஒரு மணி நேரம் கழிந்தது. பிரான்சு நாட்டில் 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, இதற்கு இரண்டு விளக்கங்களையும் தருகிறார்: கெட்டவர்கள் நடுவிலேயே நல்லவனாக இருந்தவன், நல்லவர்கள் நடுவில் இன்னும் உயர்ந்திருப்பான் என்பது புகழ்ச்சி; ஆபிரகாமின் காலத்தில் பிறந்திருந்தால் அவனை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்பது இகழ்ச்சி. கடவுள் அழிக்கவிருந்த சோதோம் நகருக்காக, இத்தனை நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவாயா என்று ஆபிரகாம் 50 பேரில் தொடங்கிப் 10 பேர் வரை பேரம் பேசினான், நோவா வாய் திறக்காமல் மரம் அறுத்தான் என்று ஒரு பெண் சொல்ல, இன்னொருத்தி அவனுக்காக வரிந்துகட்டினாள். தீர்ப்பு எதுவும் எட்டப்படவில்லை, தேநீர் வந்தது. பரிமேலழகரை மறுத்துப் பேசுவதும் குறளைக் கற்பதில் அடங்கும் என்று பழகிய எனக்கு, அந்தக் கூட்டம் அந்நியமாகப் படவில்லை.

இளம் ஆசிரியையாக இருந்தபோது நெஹாமா லெய்போவிட்ஸின் வினாத்தாள்களுக்கு விடை எழுதி அனுப்பியவராம் அம்மையார். 1942 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பராஷாவைப் பற்றிய கேள்விகளை வாராவாரம் வெளியிட்டு, வந்த விடைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவர் லெய்போவிட்ஸ். ‘இங்கே ராஷிக்கு என்ன உறுத்தியது?’ என்பது அவர் ஓயாமல் கேட்ட கேள்வி; விடையைவிட விடை தேவைப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வைப்பது. இப்போது அம்மையார் அதையே என்னிடம் கேட்கிறார், அதுவும் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டே.

பலிகளும் தோல்நோய்களும் நிறைந்த லேவியராகமத்தில் கூட்டம் மெலிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை இஸ்ரேலில் ஏழு நாளும் வெளிநாடுகளில் மரபுவழி யூதர்கள் எட்டு நாளும் கொண்டாடுகிறார்கள். எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழும் ஆண்டுகளில் அங்கே அன்று பண்டிகைக்குரிய வாசிப்பு நடப்பதால், நாங்கள் ஒரு பராஷா முந்திவிடுகிறோம். இடைவெளி மறையச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். நியூயார்க்கிலுள்ள மகனோடு வெள்ளிதோறும் தொலைபேசியில் வாதாடும் அம்மையார், அந்நாட்களில் எங்கள் கூட்டத்தின் சென்ற வாரத்து வாதங்களை அவரிடம் தம்முடையவை போல எடுத்துவிடுகிறார்.